ஆட்டுக்கொல்லி நோய் கிடைக்குள் வந்துவிட்டது: மந்தையை நகர்த்துவதா, நிறுத்தி வைப்பதா?

மேய்ச்சல்மகள் (கேள்வி)

வணக்கம். நேரம் குறைவாக இருப்பதால் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கிடையில் 142 உருப்படி. வெள்ளாடு 61, செம்மறி 81. அப்பா, பெரியப்பா, நான் என்று மூவர் மேய்க்கிறோம். 13 நாள்களுக்கு முன் சந்தையில் நான்கு வெள்ளாட்டுக் குட்டிகள் வாங்கி, அன்று மாலையே மந்தையோடு சேர்த்துவிட்டோம். பார்த்து வாங்கியது நான்தான். நான்கும் துள்ளிக்கொண்டுதான் வந்தன. மூன்றாம் நாள் அவற்றில் ஒன்று கூட்டத்தை விட்டு ஒதுங்கி, மயிர் சிலிர்த்து, தலையைத் தொங்கவிட்டு நின்றது. வண்டியில் வந்த அலுப்பு என்று விட்டுவிட்டோம். எட்டாம் நாள் எங்கள் சொந்த ஆடுகளில் ஆறு அதே மாதிரி நின்றன. இன்று காலை எண்ணியபோது நோயில் கிடப்பவை 19, செத்தவை 5. செத்ததில் இரண்டு நான் வாங்கிவந்தவை.

முதலில் கடும் காய்ச்சல். காதைத் தொட்டாலே சுடுகிறது. மூக்கில் தண்ணீர்போல ஒழுகுவது இரண்டு நாளில் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு, துளையையே அடைத்துக்கொள்கிறது. கண்ணில் பீளை. நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள கறுப்பு ஆடு ஒன்று, மூன்று ஈத்து கண்டது. சுட்டி என்றே கூப்பிடுவோம். நேற்று அதன் இமைகள் ஒட்டிப்போய்த் திறக்க முடியாமல் இருந்தன. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்துப் பிரித்தேன். மூக்குப் பொருக்கை ஊறவைத்து எடுத்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டது. அதுவரை வாயால்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியே வாய்க்குள் பார்த்தேன். கீழ் ஈற்றிலும் நாக்கின் அடியிலும் ஈரத் தவிட்டை அப்பிவைத்ததுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரல் பட்டதும் உரிந்து வந்தது. அடியில் செக்கச்செவேலென்று புண். அந்த நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையைவிட்டுப் போகவில்லை. இன்று காலை முதல் அதற்குக் கழிச்சல். புழுக்கையே இல்லை, தண்ணீராகப் போகிறது.

பெரியப்பா பார்த்ததும் "ஆட்டுக்கொல்லி" என்றார். அவர் காலத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறாராம்.

சிக்கல் இனிமேல்தான். இங்கே மேய்ச்சல் இன்னும் நான்கு நாளைக்குத்தான் வரும். அடுத்த மேய்ச்சல் நிலம் இரண்டு நாள் நடை. அங்கே ஏற்கெனவே இரண்டு கிடைகள் இருக்கின்றன. வழியில் எல்லா மந்தையும் நீர் குடிப்பது ஒரே குளத்தில். இடம் மாறினால் காற்று மாறும், நோய் பின்தங்கிவிடும், நாளைக்கே கிளம்பலாம் என்கிறார் பெரியப்பா. அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் அவரோடு வாதாட என்னிடம் ஆதாரமும் இல்லை.

நகரலாமா? இதுவரை நோய் தொடாத ஆடுகளுக்கு இப்போது தடுப்பூசி போட்டால் அவற்றையாவது காப்பாற்ற முடியுமா? தெரிந்தவர்கள் இன்றைக்கே பதில் எழுதுங்கள்.

பழைய கிடைக்காரர்

மகளே, நகர வேண்டாம். உன் பெரியப்பா சொன்னதை நானும் ஒரு காலத்தில் நம்பி, நோயோடு மந்தையை ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

அப்போது என்னிடம் 200 உருப்படிக்கு மேல் இருந்தன. நோய் கண்ட நான்காம் நாள் இரவோடிரவாகக் கிளம்பினேன். நடக்க முடியாதவற்றை வழியிலேயே விட்டேன். இரண்டை என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், அவையும் விடிவதற்குள் செத்தன. புது இடத்தில் மூன்று மந்தைக்கும் ஒரே தொட்டிதான் தண்ணீர். என் ஆடுகள் மூக்கொழுக அதில்தான் வாய் வைத்தன. போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு நோய் அடங்கியது. பார்த்தாயா, இடம் மாறியதும் விட்டுவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே வாரத்தில்தான் பக்கத்துக் கிடையில் முதல் ஆடு தலையைத் தொங்கவிட்டது.

அந்தக் கிடைக்காரர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. "எந்தத் தொட்டியில் தண்ணீர் காட்டினாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தொட்டியைக் கைநீட்டிக் காட்டினேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசாமல் திரும்பிப் போனார். என் மந்தையில் பாதி போனது. அவர் மந்தையில் பாதிக்கும் மேல்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் சொல்லித்தான் புரிந்தது. இந்த நோய் ஒரு மந்தைக்குள் புகுந்தால் சாக வேண்டியவை செத்து, பிழைக்க வேண்டியவை பிழைத்து, மூன்று நான்கு வாரத்தில் தானாகவே அடங்கும். பிழைத்தவற்றுக்கு மறுபடி வராது. நாம் நின்றாலும் அடங்கும், நடந்தாலும் அடங்கும். நடந்ததால்தான் அடங்கியது என்று நாம் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். உன் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் பின்னால் வந்த மந்தைகளுக்கு என்ன ஆனது என்று அவர் திரும்பிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நானும் பார்த்ததில்லை, அந்த ஒரு முறை தவிர.

இதை அவருக்கு நீயே படித்துக் காட்டு.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

மேலே பெரியவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நான் மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய அறிகுறிகள் பி.பி.ஆர். என்னும் ஆட்டுக்கொல்லி நோய்க்கு அப்படியே பொருந்துகின்றன. அந்த "ஈரத் தவிடு" வர்ணனையைப் படித்ததும் எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிட்டது. இது ஒரு வைரஸ். மனிதரைத் தாக்கும் தட்டம்மை, நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர், மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய் ஆகியவற்றின் வைரஸ்களோடு ஒரே குடும்பம். உடம்புக்குள் போய் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாளில் காய்ச்சல் காட்டும், சிலவற்றில் பத்து நாள் வரை ஆகலாம். உங்கள் நாள் கணக்கைப் பாருங்கள்: வாங்கிய குட்டிக்கு மூன்றாம் நாள், உங்கள் ஆடுகளுக்கு எட்டாம் நாள். சந்தையிலேயே அது நோயை வாங்கியிருந்தது. வாங்கும்போது துள்ளியது பொய்யில்லை, நோய் அப்போது உள்ளே இருந்தது, வெளியே தெரியவில்லை. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் இனி எந்த ஆடு வாங்கினாலும் 21 நாள் தனியே கட்டிவைத்துவிட்டுத்தான் மந்தையில் சேர்க்க வேண்டும்.

பொருந்துகிறது என்பதற்காக உறுதிசெய்யாமல் விடக் கூடாது. ஆட்டம்மை என்றால் வாலடி, அக்குள், தொடையிடுக்கு என மயிர் குறைந்த இடங்களில் கட்டி கட்டியாக எழும்பும். காணை என்றால் குளம்பிடுக்கில் புண் வந்து நொண்டும். நீலநாக்கில் முகம் வீங்கும், செம்மறிகளைத்தான் அதிகம் படுத்தும், அதைப் பரப்புவது கடிக்கும் சிறு பூச்சி. நெஞ்சை மட்டும் பிடிக்கும் நிமோனியா என்றால் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வராது. பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கு இன்றே ஆள் அனுப்புங்கள். கண்ணீர், மூக்குச் சளி இரண்டையும் பஞ்சுக்குச்சியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். காய்ச்சல் வந்து இரண்டொரு நாளே ஆன ஆட்டைக் காட்டுங்கள். கழிச்சலில் ஓய்ந்து கிடப்பதைவிட அதில்தான் வைரஸ் நன்றாகக் கிடைக்கும். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்க மருத்துவர் கேட்டால் மறுக்காதீர்கள். இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், அதை மறைப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆனாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பல ஆடுகள் சாவது வைரஸின் பின்னாலேயே நுரையீரலில் புகும் பாக்டீரியாவாலும், கழிச்சலில் நீர் வற்றிப்போவதாலும்தான். முதலாவதற்கு மருத்துவர் எடைக்கு ஏற்ப ஊசி போடுவார். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைச் சிறிது சிறிதாக, தலையை மிக உயர்த்தாமல், கடைவாய் வழியாகப் புகட்டுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும், நோய் கொல்லாததை நாமே கொன்றதாகிவிடும். வாய்ப்புண்ணை லேசான உப்பு நீரால் கழுவி, மென்மையான பச்சிலை கொடுங்கள். சுட்டிக்கு நீங்கள் மூக்கைத் துடைத்து மூச்சுக்கு வழி செய்தீர்களே, அது எந்த ஊசிக்கும் குறைந்த சிகிச்சை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை செய்யுங்கள்.

ஆரோக்கியமான ஆடுகளுக்கான வேலையை முதலில் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் நோயாளிகளிடம் போக வேண்டும். ஒருபோதும் தலைகீழாக வேண்டாம். முடிந்தால் ஒருவர் நோயாடுகளை மட்டும் பார்க்கட்டும். இந்த வைரஸ் வெளியே வந்தால் பலவீனமானது. வெயில், உலர்ச்சி, சோப்பு எதையும் தாங்காது. கை, கால், பாத்திரம், கம்பு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். ஈரமான சளியும் எச்சிலும்தான் ஆபத்து, அதனால் நோயாடு குடித்த தண்ணீரை மற்றவை குடிக்கக் கூடாது. செத்தவற்றை ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள், நீரோட்டத்தில் தள்ளிவிடாதீர்கள். மனிதருக்கு இது தொற்றாது. நீங்கள் பயமின்றிப் பணிவிடை செய்யலாம்.

தடுப்பூசி பற்றிக் கேட்டீர்கள். ஊசி போட்டு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்ட ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். ஏற்கெனவே வைரஸ் உள்ளே போய்விட்ட ஆட்டை அது காப்பாற்றாது. ஆகவே காய்ச்சல் உள்ளதற்குப் போடக் கூடாது. காய்ச்சல் பார்த்து, இல்லாதவற்றுக்கு மட்டும், ஆட்டுக்கு ஓர் ஊசி என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரே ஊசியால் குத்திக்கொண்டே போனால் நோயையும் சேர்த்துக் குத்துகிறோம். ஊசி போட்ட பிறகும் சில விழும். அது ஊசியின் குற்றமில்லை, முன்பே உள்ளே இருந்தது வெளியே வருகிறது. இதைவிட அவசரமானது, நீங்கள் போகவிருந்த இடத்திலுள்ள அந்த இரண்டு கிடைகளுக்கும் உடனே ஊசி போட வைப்பது. நெருப்பு எரியும் வீட்டைவிட அடுத்த வீட்டுக் கூரையில்தான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மேய்ச்சல்மகள்

ஐயா, பெரியவரே, இருவருக்கும் நன்றி. நேற்று இரவு கிடை ஓரத்தில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டையும் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தொட்டியைக் காட்டிய இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, எழுந்து போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "நின்றால் என்ன போடுவாய்?" என்று கேட்டார். அதாவது தீனி. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் கிளம்பலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

மருத்துவர் இன்று வந்து மாதிரி எடுத்துப் போனார். பார்த்தவுடன் அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு சினையாடுகள் மாதம் நிறையாமலே குட்டியை வீசிவிட்டன. அதுவும் இந்த நோயால்தான் என்றார். சாவு 11 ஆகிவிட்டது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வியாபாரி வந்து நின்றார். நோய் தெரியாத செம்மறிகளை இப்போதே கொடுத்துவிடு, செத்தால் ஒன்றும் கிடைக்காது என்கிறார். அப்பா முதல் முறையாக வாய் திறந்து, கொடுத்துவிடலாமா என்று கேட்டார். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆறு மாதம் எதை வைத்து ஓட்டுவது என்ற கவலை அவருக்கு.

இரண்டு பட்டி

கொடுக்க வேண்டாம் அக்கா. உங்களுக்கு அந்த நான்கு குட்டிகளைக் கொடுத்தவரும் இதே நிலையில் நின்றுதான் கொடுத்திருப்பார். எனக்கும் இப்படி வந்த ஆடுதான் ஒரு பட்டியையே காலி செய்தது.

ஊசிப்பெட்டி

நான் மந்தைகளின் பின்னால் பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து தடுப்பூசி போடுகிறவன். இந்த நோயைப் பற்றி என்னால் சுருக்கமாக எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்காதீர்கள் என்று தம்பி சொன்னதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. இதில் பிழைக்கும் ஆடு சாதாரண ஆடு இல்லை. அதற்கு ஆயுள் முழுவதும் இந்த நோய் வராது. நோயை ஒளித்துவைத்துப் பிறகு பரப்பவும் செய்யாது. அவசரத்தில் கைமாற்றிவிட்டு, பிறகு அதே எண்ணிக்கைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஆடுகளை வாங்கிவந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். நின்று பிழைத்த ஆடுகள்தான் உங்கள் முதல். அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

தீனி பற்றிப் பெரியப்பா கேட்டது சரியான கேள்வி. நோய் வந்தால் நில் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், நிற்பவர் வயிற்றையும் மந்தையின் வயிற்றையும் நினைப்பதில்லை. மேய்ச்சல்காரர்கள் நோயை மறைத்துக்கொண்டு நகர்வதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நான் பார்த்தவரை ஒரு வழி நடந்திருக்கிறது. நல்ல ஆடுகளைச் சிறு கூட்டமாகப் பிரித்து, வேறு மந்தை வராத திசையில் காலையும் மாலையும் குறுகிய சுற்று மேய்ப்பது. நோயாடுகளுக்குத் தழை வெட்டிக் கொண்டுவந்து போடுவது. அடுத்த கிடைக்காரர்களுக்கு நீங்களே ஆள் அனுப்பி, எங்களுக்கு நோய் வந்திருக்கிறது, குளத்துக்கு வர மாட்டோம், நீங்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். ஆனால் சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் தழைக்கட்டு வந்திருக்கிறது. எல்லையில் இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். தங்கள் மந்தையைக் காப்பாற்றியவருக்கு அதைக்கூடச் செய்யாமல் இருப்பார்களா?

இனி ஊசி. ஒரே ஊசி, ஒரு மில்லி, தோலுக்கடியில். குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும். வைரஸில் நான்கு வம்சாவளிகள் உண்டு என்றாலும் எந்த ஊசி போட்டாலும் நான்குக்கும் காப்பு. மருத்துவத்தில் இவ்வளவு எளிமை அரிது. அப்படியிருந்தும் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இரண்டு காரணங்களை என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஒன்று குட்டிகள். தாய்ப்பாலில் வந்த காப்பு மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன் ஊசி போட்டால் அந்தக் காப்பே ஊசியை முறித்துவிடும், பிந்திப் போட்டால் நோய் முந்திக்கொள்ளும். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் நாளில் உங்கள் குட்டிகளுக்கு இரண்டு மாதமாக இருந்தால் அவை விடுபட்டுவிடுகின்றன. அடுத்த முறை நாங்கள் வரும்போது நீங்கள் அங்கே இருப்பதில்லை. இரண்டாவது, குளிர்ச்சி. தூள் மருந்தைக் கரைத்துவிட்டால் பிறகு அது பனிக்கட்டியில் இருக்க வேண்டும், ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். வெயிலில் கையில் வைத்துக்கொண்டு ஆடு பிடிக்க ஓடினால், பிறகு போடுவது வெறும் தண்ணீர். யாராவது ஊசி போட வந்தால் குப்பியைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. ஆடுகளை விடிகாலையிலேயே அடைத்து, பிடிக்க ஆள்களோடு தயாராக வைத்திருந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இந்த நோயை முதலில் எழுதிவைத்தது 1942-இல், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில். நெடுங்காலம் மாட்டு வெக்கைதான் ஆட்டுக்கும் வருகிறது என்று நினைத்தார்கள். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், தமிழ்நாட்டின் அரசூர் கிராமத்தில். அங்கே எடுத்த வைரஸிலிருந்தே பிறகு ஒரு தடுப்பூசி உருவானது. அதன் பெயரிலேயே அரசூர் 87 என்று ஊர் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்து வைரஸிலிருந்து வந்தது சுங்ரி 96. ஆப்பிரிக்காவில் நைஜீரியா 75/1. எங்கோ ஒரு மேய்ப்பரின் செத்த ஆடுதான் இந்த ஒவ்வொரு குப்பிக்கும் ஆரம்பம் என்று பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

2008-இல் இந்த நோய் மொராக்கோவுக்குப் போனது. 2016-இல் மங்கோலியப் புல்வெளிக்குள் நுழைந்து, அந்தக் குளிர்காலத்திலேயே ஆடுகளிலிருந்து சைகா என்னும் அரிய காட்டு மான்களுக்குத் தாவி, ஆயிரக்கணக்கில் கொன்றது. ஒரே புல், ஒரே தண்ணீர். 2024-இல் கிரேக்கத்திலும் ருமேனியாவிலும் தலைகாட்டியது. ஆனால் மாட்டு வெக்கை 2011-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடி மனிதர் ஒழித்த இரண்டாவது நோய் அது. வெயிலைத் தாங்கும் ஊசி வந்ததும், மேய்ப்பர்களிலேயே சிலரைத் தேர்ந்து ஊசி போடப் பழக்கியதும் அதில் பெரும் பங்கு. மருத்துவர் போக முடியாத இடத்துக்கு மேய்ப்பர் போனார். ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது என்று 2015-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரில் முடிவெடுத்திருக்கிறார்கள். நடக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் குட்டி பிறந்த மாதத்தை எழுதிவைக்கும் ஒருவர் ஒவ்வொரு கிடையிலும் இல்லாமல் நடக்காது. உங்கள் கிடையில் அது நீங்களாக இருக்கலாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

ஒன்று சேர்க்க விட்டுப்போனது. பிழைக்கும் ஆடுகளுக்கு உதட்டைச் சுற்றிச் சிறு கட்டிகளும் பொருக்கும் வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று கலங்க வேண்டாம், ஆறிவரும் கட்டத்தில் அது வருவதுண்டு. கடைசி ஆடு நோயில் விழுந்த நாளைக் குறித்துவைத்து, அதிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அதுவரை வெளியே போவதும் இல்லை, வெளியிலிருந்து சேர்ப்பதும் இல்லை.

மேய்ச்சல்மகள்

முப்பத்தெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். இடையில் எழுத நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

ஆய்வக முடிவு ஆட்டுக்கொல்லி என்றே வந்தது. வியாபாரியை அப்பாவே திருப்பி அனுப்பிவிட்டார். நோய் கண்டவை மொத்தம் 58, செத்தவை 27. வெள்ளாடு 19, செம்மறி 8. மீதி 115. குட்டியை வீசியவை நான்கு. கிடைக்குத் தெற்கே வரிசையாகக் குழிகள். கடைசிக் குழியைப் பெரியப்பா தனியாக வெட்டினார், எங்களை மண்வெட்டியைத் தொட விடவில்லை.

அந்த இரண்டு கிடைகளுக்கும் நான்தான் நடந்துபோய்ச் சொன்னேன். குளித்து, உடை மாற்றி, செருப்பைக் கழுவிக்கொண்டு போய், ஆடுகள் பக்கம் போகாமல் மேட்டில் நின்று குரல் கொடுத்தேன். ஒருவர் கோபமாகப் பேசினார், கேட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் மந்தைக்கும் சேர்த்து ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் எல்லைக் கல்லருகே பதினொரு தழைக்கட்டு கிடந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டாம் என்றார் பெரியப்பா. அதன் பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. இரண்டு கிடைகளிலும் இன்றுவரை நோய் இல்லை.

எங்களில் காய்ச்சல் இல்லாத ஆடுகளுக்குப் போட்ட ஊசியில், போட்ட பிறகும் 14 விழுந்தன. நீங்கள் முன்பே சொல்லிவைத்திருக்காவிட்டால் ஊசியால்தான் வந்தது என்று நாங்கள் உறுதியாக நம்பியிருப்போம். பெரியப்பா அன்று என்னைப் பார்த்தார். நான் உங்கள் பதிலை எடுத்து மறுபடி படித்தேன். இத்தனைக்கும் எனக்கே உள்ளுக்குள் பயம்.

சுட்டி பிழைத்துவிட்டது. ஆறு நாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, எலும்பும் தோலுமாகிவிட்டது. ஏழாம் நாள் தண்ணீர் புகட்டப் போனபோது வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதாவது குச்சியைக் கடிக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை, அசை போட்டுக்கொண்டிருந்தது. உதட்டைச் சுற்றிப் பொருக்கு வந்தது, மருத்துவர் ஐயா சொன்னபடியே உதிர்ந்துவிட்டது. இருமல் மட்டும் இன்னும் இருக்கிறது.

கடைசி ஆடு விழுந்து நேற்றோடு 21 நாள். நாளை கிளம்புகிறோம். மந்தையில் மூன்று மாதம் ஆகாத குட்டிகள் ஒன்பது இருக்கின்றன. பிறந்த தேதியை அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். இரண்டு குட்டிகளின் விஷயத்தில் இருவருக்கும் ஒரு வாரம் வித்தியாசம் வருகிறது. ஊசிப்பெட்டி அண்ணா, இருவர் சொல்வதில் எந்தத் தேதியை வைத்துக்கொள்வது? நாங்கள் அப்போது இருக்கும் இடத்துக்கு ஊசி வர யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்?

ஊசிப்பெட்டி

பிந்திய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நாளிலிருந்து நான்கு மாதம் முடிந்ததும் போடலாம். போகும் வழியில் எந்த மருத்துவமனை அருகில் வருமோ அங்கே இப்போதே போய், மந்தை எண்ணிக்கை, குட்டிகளின் கணக்கு, எந்த வாரம் அங்கே இருப்பீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊசி போட்ட குட்டிகளின் காதில் அடையாளம் போடச் சொல்லுங்கள். இரத்தத்தைச் சோதித்தால் ஊசியால் வந்த காப்பா, நோயால் வந்த காப்பா என்று பிரித்தறிய முடியாது. அடையாளமும் உங்கள் நோட்டும்தான் சாட்சி. குளத்தில் நீர் காட்டும்போது ஒன்பதையும் தனியாக, காலையில் முதலாவதாகக் காட்டுங்கள்.